வெளிநாட்டு சர்வதேசப் பள்ளியில் ஆசிரியர் வேலை: முதல் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "ஆறு ஆண்டுகளாக 11, 12ஆம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் இருக்கின்றன. போனால் மனைவியும் ஐந்து வயது மகளும் உடன் வருவார்கள். வெளிநாட்டு சர்வதேசப் பள்ளிகளில் வேலை கிடைக்குமா? ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா? ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) பயிற்சியை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேல், போவது நல்லதா?"

வேலை கிடைக்கும். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். பயிற்சி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நான்காவது கேள்விக்கு மட்டும் அப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நானும் இயற்பியல் ஆசிரியர்தான். 16 ஆண்டுகளில் மூன்று நாடுகளில் நான்கு பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறேன். கடைசி ஐந்து ஆண்டுகள் துறைத் தலைவராக இருந்ததால், வருகிற விண்ணப்பங்களைப் படித்து ஆள் எடுக்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. 'சர்வதேசப் பள்ளி' என்ற பெயருக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். 1924-ல் ஜெனீவாவில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளுக்காக வந்த பள்ளி அது. அதே ஆண்டில் ஜப்பானில் யோகோஹாமாவிலும் ஒன்று தொடங்கியது. நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பு அறுந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். 1968-ல் ஜெனீவாவிலேயே ஐபி அமைப்பு உருவானதற்கும் அதுதான் காரணம். ஒரு நாட்டில் முடிக்கும் பள்ளிப் படிப்பை இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் அல்லவா?

இன்றைக்கு நிலைமை வேறு. இந்தத் துறையைக் கணக்கெடுக்கும் ஐஎஸ்சி ரிசர்ச் நிறுவனத்தின் எண்ணிக்கைப்படி, உலகில் இப்படிப்பட்ட பள்ளிகள் 14,000-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டு வசதியான குடும்பங்களின் பிள்ளைகள். பெற்றோர் குழு நடத்தும் லாப நோக்கமற்ற பழைய பள்ளிகளும் உண்டு, நார்ட் ஆங்கிலியா, ஜெம்ஸ் போன்ற பெரிய குழுமங்களின் பள்ளிகளும் உண்டு, ஒரே முதலாளி நடத்தும் இருமொழிப் பள்ளிகளும் உண்டு. மூன்றிலும் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. ஆனால் ஆசிரியரின் அன்றாடம் மூன்றிலும் ஒன்றுபோல இருக்காது.

உங்கள் பாடம் உங்களுக்குப் பெரிய பலம். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். தொடக்க வகுப்புகளுக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் விண்ணப்பிப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் ஒரு சுவராக நிற்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று விளம்பரத்திலேயே போடும் பள்ளிகளை இன்றும் பார்க்கிறேன். இருபது ஆண்டு அருமையாகப் பாடம் எடுத்தவரின் விண்ணப்பத்தைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒதுக்குவது அநியாயம். அதைப் பள்ளிக் கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன். மேல்நிலை இயற்பியலுக்கு ஆள் கிடைக்காத பள்ளியில் அந்தச் சுவர் தானாகவே இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில்தான் நீங்கள் நுழைய வேண்டும்.

எது உங்களை உள்ளே விடும்? பட்டம், ஆசிரியர் பயிற்சித் தகுதி, குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம். இவை மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. நான்காவது ஒன்று உங்களிடம் இல்லை: அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு மாணவர் கூட்டத்தைத் தொடக்கத்திலிருந்து தேர்வு வரை கொண்டுபோன அனுபவம். விண்ணப்பங்கள் குவியும்போது முதலில் நாங்கள் தேடுவது அதைத்தான். ஐபி டிப்ளமா எடுத்திருக்கிறாரா, கேம்பிரிட்ஜ் ஏ லெவல் எடுத்திருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி (இரண்டும் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான படிப்புகள்).

அதனால் என் யோசனை சற்றுச் சுற்றுவழி. நீங்கள் இருக்கிற நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் அல்லது ஐபி பாடத்திட்டம் உள்ள பள்ளி ஒன்றில் முதலில் சேர முடியுமா பாருங்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடப் பெரிதாக உயராமல் போகலாம். ஆனால் அங்கே இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவரும், நேராக விண்ணப்பிப்பவரும் ஒரே மேசைக்கு வருவதில்லை. நேராகப் போகவும் வழி உண்டு. அப்படியானால் ஐஜிசிஎஸ்இ வகுப்புகளுக்கு ஆள் கேட்கும் பள்ளிகளைக் குறிவையுங்கள். அது 14 முதல் 16 வயதுக்கான பாடத்திட்டம், 1988-லிருந்து இருக்கிறது. அதன் இயற்பியல் உங்களுக்குப் புதிதல்ல, கேள்வி கேட்கும் விதம்தான் புதிது.

பயிற்சி விஷயத்தில் பலர் பணத்தை விடுகிறார்கள். ஐபி நடத்தும் முதல்நிலைப் பட்டறைகள் நல்லவைதான். ஆனால் வேலைக்கு எடுக்கும் பள்ளி பெரும்பாலும் தன் செலவிலேயே உங்களை அனுப்பும். சொந்தப் பணம் போட்டு முன்கூட்டியே சான்றிதழ் சேர்ப்பதைவிட, கேம்பிரிட்ஜ் இயற்பியல் பாடத்திட்டத்தை இணையத்தில் இறக்கி வரிவரியாகப் படியுங்கள், இலவசம்தான். பழைய வினாத்தாள்கள் பத்தை மதிப்பெண் முறையோடு வைத்துக்கொண்டு நீங்களே எழுதிப் பாருங்கள். ஐபியும் ஒவ்வொரு பாடத்துக்கும் சுருக்கக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. இயற்பியல் பாடத்திட்டம் 2023-ல் மாறி, அதன்படி முதல் தேர்வு 2025-ல் நடந்தது. விருப்பப் பாடப் பகுதிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஐந்து பெருந்தலைப்புகளுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். நேர்காணலில் இதைத் தெரிந்து பேசுபவரையும், "ஐபி மிக நல்ல பாடத்திட்டம்" என்று மட்டும் சொல்பவரையும் இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

ஆசிரியர் தகுதிபற்றி ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதியைப் பிரிட்டிஷ் முறைப் பள்ளிகள் பெரிதாக மதிக்கும். வெளிநாட்டில் இருந்தபடியே படிக்கும் சர்வதேச பிஜிசிஇ படிப்பு அந்தத் தகுதியைத் தருவதில்லை. தருவதுபோல விளம்பரம் இருக்கும், ஏமாறாதீர்கள். 2022-ல் தொடங்கிய ஐக்யூடிஎஸ் என்பது வெளிநாட்டில் இருந்தபடியே க்யூடிஎஸ்-க்குக் கொண்டுபோகும் வேறு வழி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 பிப்ரவரி முதல் இந்தியா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட மேலும் சில நாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் க்யூடிஎஸ்-க்கு நேரடியாக விண்ணப்பிக்க இங்கிலாந்து அனுமதித்தது. 11 முதல் 16 வயது வரை உள்ள மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிப்பாடம் எடுக்கும் தகுதி உள்ளவர்களுக்கு அது. நீங்கள் அதில் வருகிறீர்களா என்று அரசு தளத்தில் பார்த்துவிடுங்கள்.

சரி, நேர்காணலுக்கு வருவோம். என் முதல் மாதிரி வகுப்பைச் சொன்னால் விஷயம் விளங்கும். வீடியோ அழைப்பில் 20 நிமிடம், தலைப்பு சாய்தளத்தில் இயங்கும் பொருள். படம் வரைந்தேன், விசைகளைப் பிரித்துக் காட்டினேன், சமன்பாட்டைத் தருவித்தேன், ஒரு கணக்கும் போட்டு முடித்தேன். தெளிவாகத்தான் செய்தேன். முடித்ததும் ஒருங்கிணைப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த 20 நிமிடமும் மாணவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்னிடம் பதில் இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

அடுத்த பள்ளிக்குத் தனி ஊசலின் நீளம், அலைவு நேரம் என்று ஆறு அளவீடுகள் கொண்ட அட்டவணையை முன்கூட்டியே அனுப்பினேன். அதில் நான்காவது அளவீடு வேண்டுமென்றே தவறு. மாணவர்களாக உட்கார்ந்திருந்த ஐந்து ஆசிரியர்களிடமும், அலைவு நேரத்தின் இருமடிக்கும் நீளத்துக்கும் வரைபடம் போடச் சொன்னேன். எந்தப் புள்ளியை நம்ப மாட்டீர்கள், ஏன் என்று கேட்டேன். ஒருவர் நான்காவதை நீக்கிவிடலாம் என்றார். இன்னொருவர், கோட்டில் உட்காரவில்லை என்பதற்காக மட்டும் ஓர் அளவீட்டை எப்படி நீக்குவது, திரும்ப அளந்து பார்த்தோமா என்று கேட்டார். அவர்களுக்குள்ளேயே வாதம் சூடு பிடித்தது. 20 நிமிடத்தில் நான் பேசியது நான்கு நிமிடம் இருக்கும். அங்கே வேலை கிடைத்தது.

இதைத் தந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையே அப்படித்தான் இருக்கும். ஐபி இயற்பியலில் 20 விழுக்காடு மதிப்பெண், மாணவர் தானே கேள்வி எழுப்பிச் செய்யும் ஆய்வுக்கு. 3,000 சொற்களுக்குள் அறிக்கை. உப்புக் கரைசலின் செறிவு கூடினால் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறும் என்று ஒரு பையன் பார்ப்பான். பந்தின் வெப்பநிலைக்கும் அது துள்ளும் உயரத்துக்கும் தொடர்பு தேடி இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் ஒரு வரைவை ஒரு முறைதான் படித்துக் கருத்துச் சொல்லலாம். கை எடுத்துத் திருத்திக் கொடுக்கக் கூடாது. பிறகு நீங்களே மதிப்பெண் போடுவீர்கள், அதில் ஒரு பகுதியை ஐபி வரவழைத்துச் சரிபார்க்கும். நீங்கள் தாராளமாகப் போட்டிருந்தால் மொத்த வகுப்பின் மதிப்பெண்ணும் இறங்கும். எல்லாவற்றையும் கரும்பலகையில் தீர்த்துக் கொடுத்தே பழகிய நமக்கு, மாணவன் தவறான வழியில் போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வது கடினம். எனக்கு அதைப் பழக முழுதாக ஒரு வருடம் பிடித்தது.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக நீங்கள் கொடுக்கும் உத்தேச மதிப்பெண் இன்னொரு தலைவலி. நிறையக் கட்டணம் கட்டும் பெற்றோர், "ஆறு ஏன், ஏழு போடுங்கள்" என்று வந்து நிற்பார்கள் (ஐபியில் ஒரு பாடத்துக்கு உச்சம் ஏழு). அப்போது தலைமை ஆசிரியர் உங்கள் பக்கம் நிற்பாரா என்பதில்தான் அந்தப் பள்ளியின் தரம் தெரியும். நேர்காணலின் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்கள். இதைக் கேளுங்கள். உத்தேச மதிப்பெண்ணில் பெற்றோர் கருத்து வேறுபட்டால் பள்ளி என்ன நடைமுறை வைத்திருக்கிறது? எழுத்தில் கொள்கை உள்ள பள்ளி உடனே சொல்லும்.

அப்புறம், எனக்கு முன் இந்தப் பணியில் இருந்தவர் எத்தனை ஆண்டு இருந்தார், ஏன் போகிறார் என்றும் கேளுங்கள். அவரிடமே பேச முடியுமா என்றும் கேட்கலாம், அதில் தவறில்லை. நல்ல பள்ளி தொடர்பு ஏற்படுத்திக் கொடுக்கும். மழுப்பினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி உண்மையானதா என்று பார்ப்பது எளிது. ஐபி என்று சொன்னால் ஐபி தளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. 'கேண்டிடேட்' என்று போட்டிருந்தால் இன்னும் அங்கீகாரம் வரவில்லை என்று பொருள். சிஐஎஸ், அமெரிக்கப் பள்ளிகளுக்கு வாஸ்க் அல்லது நியாஸ்க், பிரிட்டிஷ் பள்ளிகளுக்குக் கோபிஸ் என்று பள்ளிகளின் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்புகளின் உறுப்பினர் பட்டியலையும் பாருங்கள். துபாய் என்றால் கேஎச்டிஏ என்ற கல்வி ஆணையம் வெளியிட்டிருக்கும் ஆய்வு அறிக்கைகள் பொதுவெளியிலேயே இருக்கின்றன. 'மிகச் சிறப்பு' முதல் 'மிகப் பலவீனம்' வரை ஆறு நிலைகளில் தரம் பிரித்திருப்பார்கள். முகப்பில் உள்ள தரத்தோடு நிறுத்தாமல் உள்ளே அறிவியல் பாடத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

ஏஜென்ட் விஷயம். ஆள் எடுத்துக் கொடுக்கும் நல்ல நிறுவனங்கள் பள்ளியிடம் காசு வாங்குகின்றன. சில இடங்களில் ஆசிரியரிடம் சிறு பதிவுக் கட்டணம் வாங்குவதும் உண்டு, அது வேறு. முதல் மாதச் சம்பளத்தில் பங்கு வேண்டும், விசாவுக்கு முன்பணம் கட்டு, பாஸ்போர்ட்டைக் கொடுத்துவை என்று கேட்பவரிடமிருந்து அன்றைக்கே விலகிவிடுங்கள். நேர்காணலே இல்லாமல் பணி ஆணை வந்தால் அது பணி ஆணை அல்ல.

காலக் கணக்கும் முக்கியம். பெரும்பாலான பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. இருக்கிற ஆசிரியர்களிடம் அடுத்த ஆண்டு தொடர்வீர்களா என்று அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே எழுதி வாங்கிவிடுவார்கள். காலியிடங்கள் அப்போதிருந்து வெளிவரும், ஜனவரி, பிப்ரவரியில் மும்முரமாக இருக்கும். மே மாதம் தேட ஆரம்பிப்பவர் மிச்சம் மீதிதான் பார்ப்பார். மார்ச்சுக்குப் பிறகு திடீரென வரும் இடங்களில் சில நல்லவையும் உண்டு. ஆனால் அப்போது பள்ளிக்கும் அவசரம், உங்களுக்கும் அவசரம். அவசரத்தில் ஒப்பந்தத்தை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை.

பரிந்துரைக் கடிதம் நீங்கள் கையில் கொண்டுபோவது அல்ல. பள்ளியே உங்கள் தலைமை ஆசிரியரிடம் நேரடியாகக் கேட்டு வாங்கும். அதனால் விண்ணப்பிப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் தேடுவது இந்தத் துறையில் நடக்காது. 2014-ல் ஒரு செய்தி இந்த உலகத்தையே உலுக்கியது. பல நாடுகளின் சர்வதேசப் பள்ளிகளில் 40 ஆண்டுகள் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பெரும் கொடுமை செய்திருந்தது வெளிவந்தது. பள்ளிகளின் பின்னணி விசாரணை அதைப் பிடிக்கவில்லை. அதே ஆண்டில் குழந்தைப் பாதுகாப்புக்காகப் பள்ளி அமைப்புகள் கூட்டாகப் பணிக்குழு அமைத்தன. இன்று நீங்கள் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று கேட்பார்கள், பணியில் இடைவெளி விழுந்த மாதங்களுக்கு விளக்கம் கேட்பார்கள். எரிச்சல் படாதீர்கள். உங்கள் மகள் படிக்கப்போகும் பள்ளியும் அதுதான்.

சான்றிதழ்களை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு பெயரைப் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் வேறு வரிசை என்றிருந்தால் விசா நேரத்தில் வாரக்கணக்கில் அலைய நேரிடும். ஆவணம் உண்மையானது என்று உங்கள் அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை பட்டத்துக்குத் தேவைப்படும். 1961-ன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அந்த ஒரு முத்திரை போதும். சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும் சீனாவில் 2023 நவம்பரிலும் அது நடைமுறைக்கு வந்தது. சேராத நாடுகளுக்குத் தூதரகம் வரை போய் முத்திரை வாங்க வேண்டும். முடிய இரண்டு மாதம் ஆனாலும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒப்பந்தம். பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பலரும் இடறுவது இங்கேதான். மொத்தச் சம்பளத்தில் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு படி என்று முதலில் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின்மேல்தான் கணக்கு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். 100 என்று சொன்ன சம்பளத்தில் 50 மட்டுமே அடிப்படை என்றால் பணிக்கொடையும் பாதிதான். சம்பளம் எந்த நாணயத்தில் என்பதும் முக்கியம். நீங்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தின் மதிப்பு அந்த நாணயத்தைப் பொறுத்தது.

வீடு பள்ளியே தருகிறதா, படியா? படி என்றால் முன்பணத்தை யார் கட்டுவது? முதல் சம்பளம் கைக்கு வரும்வரை கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் நீங்கள் கொண்டுபோன பணத்தில்தான் ஓட வேண்டும். மருத்துவக் காப்பீடு மனைவிக்கும் மகளுக்கும் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பொருந்துமா? விமான டிக்கெட் ஆண்டுதோறுமா, போக வர மட்டுமா?

மகளின் படிப்பைத் தனியாகப் பாருங்கள். 'கட்டணச் சலுகை' என்பது முழுச் சலுகையா, பாதியா? அவளுக்கு இடம் உறுதியா, நுழைவுத் தேர்வில் தேறினால்தான் உண்டா? மற்ற கட்டணங்களான பேருந்து, சீருடை, சுற்றுலா இதில் வராது. சில நாடுகளில் இந்தச் சலுகையையே வருமானமாகக் கொண்டு வரி போடுவார்கள். சலுகை இல்லாத பள்ளியில் சேர்ந்து அதே பள்ளியில் மகளுக்குக் கட்டணம் கட்டினால், சம்பளத்தின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஓய்வூதியம் பெரும்பாலும் கிடையாது. இதைச் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வரி இல்லாத நாட்டில் கைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரியும், பத்து ஆண்டு போனதே தெரியாமல் போகும். என்னோடு வேலை பார்த்த அருமையான ஆசிரியர் ஒருவர் 58 வயதில் ஊர் திரும்பும்போது கையில் பணிக்கொடை மட்டும்தான் இருந்தது. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே ஒரு பங்கை, தொடாத கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

பணத்தைவிட அதிகமாக ஆட்களை ஊர் திரும்ப வைப்பது துணையின் தனிமை. நீங்கள் காலையில் பள்ளிக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்கு உடனே சக ஆசிரியர்கள், மாணவர்கள், ஓர் அடையாளம் கிடைத்துவிடும். உங்கள் மனைவிக்கு எதுவும் கிடைக்காது. வேலை பார்க்கும் பழக்கமுள்ளவர் என்றால், துணையாக வருபவரின் விசாவில் வேலை செய்யலாமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், போய்ச் சேர்ந்தபின் அல்ல. பள்ளியிலேயே உதவி ஆசிரியர், நூலகம், ஆய்வக உதவியாளர் பணிகள் இருக்கலாம், அதையும் நேர்காணலிலேயே கேட்கலாம். இந்த முடிவை நீங்கள் எடுத்துவிட்டு அவரிடம் சொல்வதாக இருக்கக் கூடாது. நேர்காணலின் கடைசி ஐந்து நிமிடம் அவரும் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். அதை நல்ல பள்ளிகள் வரவேற்கும்.

மகளுக்கு வீட்டு மொழியை விட்டுவிடாதீர்கள். ஐந்து வயதில் போகும் குழந்தை ஒரே ஆண்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடும், அதைப் பார்த்துப் பெருமைப்படத் தோன்றும். எட்டு வயதில் தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் பேச வார்த்தை இல்லாமல் நிற்கும்போதுதான் உறைக்கும். ஐபி டிப்ளமாவில் பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தையும் மாணவர் தானே படித்து ஒரு பாடமாக எழுத வழி இருக்கிறது. அந்த வயதில் அந்த வாசல் அவளுக்குத் திறந்திருக்க வேண்டுமென்றால் இப்போதிருந்தே தினமும் வீட்டில் வாசிப்பு நடக்க வேண்டும்.

இனி உங்கள் நான்காவது கேள்வி: போவது நல்லதா? முதல் பள்ளியைச் சம்பளத்துக்காக எடுத்தால் நல்லதாக அமைவது அதிர்ஷ்டம். அது உங்களை எப்படிப்பட்ட ஆசிரியராக ஆக்கும் என்று பார்த்து எடுத்தால், எனக்குத் தெரிந்தவரை நல்லதாகத்தான் அமைகிறது. இரண்டாவது பள்ளியும் மூன்றாவது பள்ளியும் முதல் பள்ளியின் பாடத்திட்டத்தையும் அங்குள்ள முதல்வர் உங்களைப்பற்றி எழுதுவதையும் வைத்துத்தான் வரும். துறையில் இரண்டு அனுபவசாலிகள் இருக்கிற, ஐபி அல்லது ஏ லெவல் ஒழுங்காக நடக்கிற, சற்றுக் குறைவாகச் சம்பளம் தருகிற பள்ளி கிடைத்தால் அதை எடுங்கள். துறையில் நீங்கள் ஒருவர் மட்டுமே என்று சொல்லி அதிகச் சம்பளம் தருகிற பள்ளியை முதல் பள்ளியாக எடுக்காதீர்கள்.

போனால் மூன்று ஆண்டாவது இருங்கள். ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு ஆண்டு. டிப்ளமா படிப்பும் இரண்டு ஆண்டு. முதல் ஆண்டு நீங்கள் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். இரண்டில் கிளம்புபவர் ஒரு கூட்டத்தைத்தான் தொடக்கம் முதல் முடிவுவரை பார்த்திருப்பார், அதுவும் தடுமாறியபடி. இதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது.

என் இரண்டாவது பள்ளி அது. முதல் ஆண்டு டிப்ளமா படித்துக்கொண்டிருந்த பெண். அவளுக்கு அது ஐந்தாவது நாடு, ஆறாவது பள்ளி. இப்படி வளரும் பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று 1950-களிலேயே ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர் பெயர் வைத்திருக்கிறார். பெற்றோரின் பண்பாடும் முழுதாகத் தங்களுடையதல்ல, வாழும் நாட்டின் பண்பாடும் தங்களுடையதல்ல என்று இரண்டுக்கும் நடுவில் வளர்பவர்கள். பழகுவதற்கு மிக இனிமையானவர்கள், யாரோடும் ஐந்து நிமிடத்தில் பேசிவிடுவார்கள். நெருங்குவதற்கு மட்டும் நேரம் எடுப்பார்கள்.

டிப்ளமாவில் 4,000 சொற்களுக்குள் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொரு மாணவரும் வழிகாட்டியாக ஓர் ஆசிரியரைக் கேட்டுக்கொள்வார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவள் மேசையருகே வந்து நின்றாள். வழிகாட்டியாக இருக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் கேட்டது அதையல்ல.

"சார், உங்க கான்ட்ராக்ட் எப்ப முடியுது?"

முந்தைய மூன்று ஆண்டுகளில் அவளுக்கு மூன்று இயற்பியல் ஆசிரியர்கள். எனக்கு அந்த ஜூனில் முடிகிறது. அடுத்த ஆண்டும் தொடர்வேனா என்று எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் நிரப்பப்படாமல் மேசை இழுப்பறைக்குள்தான் கிடந்தது. வேறொரு நாட்டிலிருந்து நல்ல அழைப்பு ஒன்றும் வந்திருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு வீட்டில் பேசினோம்.

மறுநாள் அவளிடம், நீ முடிக்கும்வரை இருக்கிறேன் என்றேன். தலையை மட்டும் அசைத்தாள். பிறகு பையைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என் முன் விரித்தாள். கட்டுரைக்கு மூன்று தலைப்புகள் எழுதி வைத்திருந்தாள்.